டி.சி.யை எடுக்காதிய, அண்ணாச்சி

ஜெராக்ஸ் கடையில் ஒரு காகிதத்தை நீட்டினால் நகல் எடுத்துக் கொடுக்க வேண்டும். தொழில் அவ்வளவுதான். ஆனால் எங்கள் ஊர் அரசு மேல்நிலைப்பள்ளிக்கு எதிரே ரேச்சல் வைத்திருக்கிற கடையில் ஜூன் மாதம் அது நடக்காது. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை நீட்டுகிற பிள்ளையை மேலும் கீழும் பார்ப்பார். "என்ன குரூப்பு எடுக்கப் போற?" என்று கேட்பார். பதில் வருகிற வரைக்கும் மெஷின் ஓடாது.

நான் குட்டியானை வண்டி ஓட்டுகிறவன். காலையில் கரைக்கு ஐஸ், மத்தியானத்துக்கு மேல் உப்பு மூட்டை. சவாரி இல்லாத நேரத்தில் அந்தக் கடை ஓரத்து வாகை மரத்தடியில்தான் என் வண்டி நிற்கும். பன்னிரண்டு வருஷமாக அங்கேதான் நிற்கிறது. ஆகவே ரேச்சல் பேசுவதெல்லாம் எனக்குக் கேட்கும். கேட்டதும் மனதில் ஏறியதும் ஒன்றல்ல என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ரேச்சலுக்குச் சொந்த ஊர் நாசரேத். அப்பா மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். தாத்தாவும் வாத்தியார். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவர், நர்ஸ் ஆக வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறார். பத்து முடித்ததும் வரலாறு குரூப்பில் சேர்த்துவிட்டார்கள். காரணம், அக்கா விக்டோரியா படித்த வரலாறு குரூப் புத்தகங்கள் வீட்டில் அட்டை போட்டு அப்படியே இருந்தன. புத்தகம் இருக்கிறதே, பிறகென்ன? அறிவியல் படிக்காத பிள்ளையை நர்சிங்கில் சேர்க்க மாட்டார்கள் என்பது இரண்டு வருஷம் கழித்து விண்ணப்பம் வாங்கப் போன இடத்தில்தான் தெரிந்ததாம். வாத்தியார் வீட்டிலேயே இப்படி. இதை அவரே பிள்ளைகளிடம் சிரித்துக்கொண்டு சொல்வார்.

கல்யாணம் ஆகி எங்கள் ஊருக்கு வந்தார். கடை அவர் வீட்டுக்காரர் ஜேசுபாதம் வைத்தது. பேப்பர் பண்டலைத் தூக்கிக்கொண்டு படியேறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மகள் ஜெனிலா அப்போது ஆறாம் வகுப்பு. நாசரேத்தில் தாத்தா வீட்டில் தங்கி, தாத்தா வேலை பார்த்த பள்ளிக்கூடத்திலேயே படித்துக்கொண்டிருந்தாள். நாற்பதாம் நாள் கழிந்ததும் ரேச்சல் கடையைத் திறந்தார். மெஷினில் பேப்பர் சிக்கினால் எடுக்கத் தெரியாது. என்னைத்தான் கூப்பிடுவார். எனக்கும் தெரியாது. இரண்டு பேருமாகப் பிடித்து இழுத்துக் கிழிப்போம்.

அந்தக் கிழிந்த தாள்களின் பின்பக்கத்தில் ஆரம்பித்ததுதான் அவர் வேலை. ஒன்பதாம் வகுப்புக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளைப் பெஞ்சில் உட்கார வைப்பார். ஆளுக்கு ஒரு தாள். தாளின் உச்சியில் என்ன ஆகணும் என்று எழுத வேண்டும். அதற்குக் கீழே எந்தக் காலேஜ். அதற்குக் கீழே, அந்தக் காலேஜுக்குப் பன்னிரண்டாவதில் என்ன பாடம் வேண்டும். பிறகு என்னென்ன சர்டிபிகேட். சாதிச் சான்று, வருமானச் சான்று, வீட்டில் யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்று. கடைசி வரியில், இந்த மாசம் என்ன செய்யணும். எழுதி முடித்த தாளைப் பெயர் போட்டுக் கம்பியில் குத்திவிடுவார். வருஷம் ஒரு தடவை எடுத்துப் பார்ப்பார்.

ஒரு நாள் ஜெபின் என்கிற பயல் உச்சியில் 'கப்பல்' என்று மட்டும் எழுதிவிட்டு எழுந்தான்.

"கப்பல்ல என்னலே? சமையலா, இன்ஜினா?"

"கப்பல் ஓட்டணும்க்கா."

"கப்பலுக்குப் போறதுன்னா கண்ணு சரியா இருக்கணும். நெறம் பிரிச்சுத் தெரியணும். எஞ் சேலை என்ன கலரு?"

"பச்சை."

"இது நீலம்லே! மொதல்ல கண்ணு டாக்டர்ட்ட போயிட்டு வா. அதை இன்னைக்குள்ள கடைசி வரியா எழுது."

பெஞ்சே சிரித்தது. நானும் வண்டியில் இருந்து சிரித்தேன். ஆனால் அவன் திருச்செந்தூர் போய்க் கண்ணைக் காட்டினான். நிறக்குறைபாடு என்று தெரிந்தது. இரண்டு வருஷம் படித்துவிட்டுத் தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவன் இப்போது டிப்ளமோ படிக்கிறான்.

2021-ல் இருந்து ரேச்சலின் தாளில் ஒரு வரி கூடியது. "ஆறாங் கிளாசுலருந்து எங்கன படிச்ச?" ஒவ்வொரு பிள்ளையிடமும் கேட்பார். இங்கேதான் என்று சொன்னால், 'பன்னிரண்டு வரை இங்கேயே' என்று அவர் கையாலேயே சிவப்பு மையில் எழுதுவார். ஏன் இந்தப் புது வரி என்று நான் யோசிக்கவில்லை.

என் மகள் இசக்கிசெல்வியும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தவள்தான். விடுமுறை நாளில் ஐஸ் இறக்க என்னோடு கரைக்கு வருவாள். அங்கே ஒரு அம்மா கையில் அளவுகோலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு மீனாக நீளம் அளந்து எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறாள். அவர் மீன்வளத் துறை ஆபீசர். பக்கத்தில் போய் நின்று, "இதுக்கு என்ன படிக்கணும் மேடம்?" என்று கேட்டிருக்கிறாள். தூத்துக்குடியிலேயே மீன்வளக் கல்லூரி இருக்கிறது என்று அவர் சொன்னதை வீட்டுக்கு வருகிற வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தாள். அவள் தாளின் உச்சியில் எழுதியது அதுதான்.

2022 ஜூனில் பத்தாவது ரிசல்ட் வந்தது. ஐந்நூறுக்கு நானூற்று அறுபத்தொன்று. ஏழாவதோடு நின்றவன் மகள் பள்ளியில் இரண்டாவது மார்க். எங்கள் பக்கத்தில் பிள்ளை நல்ல மார்க் வாங்கினால் அடுத்து என்ன செய்வோம் என்பது ஊருக்கே தெரியும். உள்ளூர் அரசுப் பள்ளியில் டி.சி. வாங்கி, டவுனில் இருக்கிற மிஷன் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்விடுவோம். பிள்ளைக்கு நாம் செய்கிற மரியாதை அது. வாங்கின மார்க்குக்கு அதுதான் பரிசு. நல்ல மார்க் எடுத்த பிள்ளையை அங்கேயே விட்டுவைத்தால், தகப்பனுக்கு வக்கில்லை என்று பேசுவார்கள்.

எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது. உள்ளூர்ப் பள்ளியில் வேதியியலுக்கு வாத்தியார் இடம் காலியாக இருந்தது. ஆகவே காலையில் டி.சி.யை வாங்கி, மகளையும் கூட்டிக்கொண்டு நகல் எடுக்க ரேச்சல் கடைக்குப் போனேன். பெஞ்சு நிறையப் பிள்ளைகள். பின்னால் திரைக்கு அந்தப் பக்கம் ஜெனிலா ஸ்பைரல் பைண்டிங் போட்டுக்கொண்டிருந்தாள். தாளில் ஓட்டை போடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

ரேச்சல் காகிதத்தை வாங்கிப் பார்த்தார்.

"டி.சி.யா அண்ணாச்சி?"

"ஆமா. டவுன் ஸ்கூல்ல பேசியாச்சு. பயாலஜி குரூப்பு தாறோம்னுட்டாவ."

"பாப்பா மீன்வளக் காலேஜுன்னுல்லா எழுதி வச்சிருக்கா."

"அதுக்குத்தான் அங்கன கொண்டு போறேன். இங்கன கெமிஸ்ட்ரிக்கு ஆளே கெடையாது. யாரு சொல்லிக் குடுப்பா? ஒன் மெஷினா?"

பிள்ளைகள் சிரித்தார்கள். ரேச்சல் சிரிக்கவில்லை.

"ஆள் இல்லாதது நெசந்தான். நாசரேத்துல எங்க தெரு சார் ஒருத்தரு ரிட்டயர்டு ஆயிருக்காரு. சனிக்கிழமை சனிக்கிழமை வந்து சொல்லித் தாரேன்னு ஒத்துக்கிட்டாரு. ஹெட்மாஸ்டர்ட்டயும் பேசிட்டேன். டி.சி.யை எடுக்காதிய, அண்ணாச்சி. இப்பம் திருப்பிக் குடுத்தாலும் சேத்துக்கிடுவாவ."

"எதுக்குங்கேன்?"

"ஆறுலருந்து பன்னெண்டு வர கவர்மெண்டு ஸ்கூல்லயே படிச்ச பிள்ளைகளுக்குன்னு காலேஜுல ஏழரை சதவீதம் சீட்டு தனியா வச்சிருக்கு. போன வருசத்துலருந்து மீன்வளத்துக்கும் உண்டு. கடைசி ரெண்டு வருசம் வெளிய போனாலும் அது போயிரும்."

"அதுவும் கவர்மெண்டு ஸ்கூலுதானம்மா! வாத்தியாருக்குச் சம்பளம் கவர்மெண்டு குடுக்கான். புத்தகம் கவர்மெண்டு, சைக்கிளு கவர்மெண்டு. பொறவு என்ன?"

"சம்பளம் அவங்க குடுத்தாலும் நடத்துறது மிஷன். அதுக்குப் பேரு எய்டட் ஸ்கூலு. இந்தச் சீட்டுக்கு அதைச் சேக்க மாட்டாவ."

"ப்பா, அக்கா சொல்றதக் கொஞ்சம்..." என்று மகள் என் சட்டையைத் தொட்டாள்.

"நீ சும்மா கெட ஏளா."

அவ்வளவு பேர் முன்னால் ஒரு பொம்பளை எனக்குப் பாடம் எடுக்கிறாளே என்று எனக்குக் கோபம் ஏறிவிட்டது. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"ஒன் மகள மட்டும் நாசரேத்துல மிஷன் ஸ்கூல்ல படிக்க வச்ச. எம் மகள் மட்டும் வாத்தியாரு இல்லாத ஸ்கூல்ல கெடக்கணுமோ? ஒனக்கு ஒரு ஞாயம், ஊருக்கு ஒரு ஞாயமா? ஜெராக்ஸ் போடுறது ஒஞ் சோலி. அதப் பாரு."

திரைக்கு அந்தப் பக்கம் ஓட்டை போடுகிற சத்தம் நின்றது.

ரேச்சல் வாயைத் திறந்தார். திரைப்பக்கம் பார்த்தார். மூடிக்கொண்டார். டி.சி.யைக் கண்ணாடியில் வைத்து மூடியை இறக்கினார். மூடிக்குக் கீழே வெளிச்சம் இந்த ஓரத்தில் இருந்து அந்த ஓரத்துக்கு ஓடியது. "எத்தனை காப்பி?" என்று மட்டும் கேட்டார்.

அப்புறம் இரண்டு வருஷம். மகள் காலை ஏழு மணி பஸ்ஸுக்குப் போவாள், ஆறரைக்குத் திரும்புவாள். டவுன் பள்ளியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நன்றாகச் சொல்லிக் கொடுத்தார்கள். அவளும் உயிரைக் கொடுத்துப் படித்தாள். ரேச்சல் என்னிடம் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. மெஷினில் பேப்பர் சிக்கினால் முன்போலவே கூப்பிட்டார். சனிக்கிழமைகளில் நாசரேத்து சார் ஸ்கூட்டரை என் வண்டிப் பக்கத்தில் நிறுத்திவிட்டுப் பள்ளிக்குள் போவதைப் பார்ப்பேன். அவரிடம் படித்தது ஒன்பது பிள்ளைகள். அதில் ஒருத்தி தேவகனி. அவள் அப்பா பிச்சையா உப்பளத்தில் வேலை பார்க்கிறவன். என் வண்டிக்கு மூட்டை ஏற்றுகிறவன். அவளும் என் மகளும் ஆறாவதில் இருந்து பத்து வரைக்கும் ஒரே பெஞ்சு.

2024-ல் இரண்டு பேரும் மீன்வளக் கல்லூரிக்கு விண்ணப்பித்தார்கள். இரண்டு பேருக்கும் ரேச்சல் கடையில்தான் பதிவு செய்தோம். எந்தப் பள்ளியில் படித்தாய் என்று ஒவ்வொரு வகுப்பாகக் கேட்கிற இடம் வந்தது. பத்து வரைக்கும் தட்டிக்கொண்டு வந்த ரேச்சலின் விரல் ஒரு நிமிஷம் நின்றது. பிறகு டவுன் பள்ளியின் பெயரைத் தட்டினார்.

கட்-ஆஃப் மார்க்கில் தேவகனியைவிட என் மகளுக்குப் பதினொன்று கூடுதல். எனக்கு நம்பிக்கை இருந்தது. கலந்தாய்வு ஒவ்வொரு சுற்றாக முடிந்தது. கடைசிச் சுற்று முடிந்த அன்று, கரைக்குப் போக வேண்டிய ஐஸை ஏற்றிக்கொண்டு, மகளையும் முன்னால் உட்கார வைத்து, வழியில் கடையில் நிறுத்தினேன். ரேச்சல் கம்ப்யூட்டரில் பார்த்தார். எங்கள் பக்கம் திரும்பித் தலையை மட்டும் அசைத்தார். பொதுப்பட்டியலில் எங்கள் பிரிவுக்கு உண்டான கடைசி சீட்டு இவளுக்கு மேலேயே முடிந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துப் பிச்சையா உள்ளே வந்தான். கையில் தேவகனியின் சேர்க்கை உத்தரவு. அரசுப் பள்ளி ஒதுக்கீட்டில் கிடைத்தது. உப்பு வெடிப்பு விழுந்த கையில் அந்தத் தாளை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தி வைத்திருந்தான். என்னைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கினான். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. பின்னால் வந்த தேவகனி என் மகளைப் பார்த்து அப்படியே நின்றாள்.

என் மகள்தான் போய் அவள் கையைப் பிடித்தாள்.

"ஏளா, ஹாஸ்டலா, வீட்டுலருந்து போறியா?"

"தெரியலளா."

"வீட்டுலருந்தே போ. பஸ்ஸு இருக்கு. நான் ரெண்டு வருசம் போயிருக்கேம்லா, நான் சொல்லுதேன்."

வண்டியில் வந்து ஏறினோம். சாவியைப் போட்டேன். திருப்பவில்லை. எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தேனோ.

"ப்பா, ஐஸ் உருகுது," என்றாள்.

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். அன்றைக்கே சொன்னேனே என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் சேர்ந்தாள். ரேச்சல்தான் அந்த விண்ணப்பத்தையும் போட்டார்.

இரண்டு நாள் கழித்து நான் தனியாகக் கடைக்குப் போனேன். ஜெனிலா அப்போது மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் பில் போடுகிற வேலைக்குப் போய்விட்டாள். கடையில் யாரும் இல்லை.

"தங்கச்சி, அன்னைக்குப் பேசினது தப்பு," என்றேன்.

ரேச்சல் பேப்பர் கட்டைப் பிரித்து மெஷினில் அடுக்கிக்கொண்டிருந்தார். நிறுத்தாமல் சொன்னார்.

"நீங்க கேட்டதுல தப்பு இல்ல அண்ணாச்சி. எம் மகள நான் மிஷன் ஸ்கூல்லதான் வச்சேன். எங்க அப்பா வேலை பாத்த ஸ்கூலு. மூணு தலைமுறை. வேற எங்கயும் சேக்கணும்னு தோணவே இல்ல. அவளுக்கு மாட்டு டாக்டருக்குப் படிக்கணும்னு ஆசை. அவ பன்னெண்டு முடிச்ச வருசந்தான் அந்தப் படிப்புக்கெல்லாம் இந்தச் சட்டம் வந்துச்சு. கொஞ்ச மார்க்குல போச்சு. கவர்மெண்டு ஸ்கூல்ல படிச்சிருந்தா கெடச்சிருக்கும். வாத்தியாருக்குச் சம்பளம் அரசாங்கந்தானே குடுக்குன்னு நானும் உங்கள மாதிரியே ஆபீசுல போயி சண்டை போட்டேன்."

மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்தச் சிவப்பு மை வரி ஏன் வந்தது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"இதை அன்னைக்கே சொல்லியிருந்தா நான் கேட்டிருப்பேனே தங்கச்சி. ஏன் சொல்லல?"

"சொல்லத்தான் வாயெடுத்தேன். அவ உள்ள உக்காந்திருந்தா. நாலு பேரு முன்னால, அவ காதுபட, எம் மகளுக்குக் கெடைக்காமப் போச்சு, என்னாலதான் போச்சுன்னு எப்படிச் சொல்ல? எனக்கு நாக்கு எழும்பல. அதனால ஒங்க பாப்பாவுக்குப் போச்சு." மெஷின் கதவை மூடினார். "நீங்க எங்கிட்ட மன்னிப்புக் கேக்கிய. நான் அவகிட்ட என்ன சொல்ல?"

பிரித்துப் போட்ட பேப்பர் கட்டின் உறையைப் பொறுக்கி மடித்து வைத்தேன்.

அதற்குப் பிறகு என் மகள் சனிக்கிழமைகளில் அந்தக் கடையில் உட்கார ஆரம்பித்தாள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தாள் எழுதச் சொல்லிக் கொடுப்பாள். சர்டிபிகேட்டுக்குப் பதிவு செய்வாள். தேவகனி லீவு நாளில் வந்தால் இரண்டு பேருமாகப் பிள்ளைகளை விரட்டிக்கொண்டிருப்பார்கள். நான் வாகை மரத்தடியில் வண்டிக்குள் இருப்பேன்.

போன ஜூனில் ஒரு சனிக்கிழமை. ஆத்தூர் வெற்றிலை வியாபாரி ஜெயகணேஷ் வந்தான். நாற்பது வயது இருக்கும். மகள் எதிர்ப் பள்ளியில் பத்தாவதில் முதல் மார்க். டி.சி.யை வாங்கிக்கொண்டு, சட்டைப் பையில் அது எட்டிப் பார்க்கும்படி வைத்துக்கொண்டு, சிரித்த முகமாக வந்தான். எனக்கு அந்த முகம் தெரியும்.

ரேச்சல் சொன்னார். என்னிடம் சொன்ன அதே வார்த்தைகள். அவனும் நான் சொன்ன அதையே சொன்னான். சம்பளம், புத்தகம், சைக்கிள். ஒன்று விடாமல்.

"அக்கா, ஒங்களுக்கு இந்த ஸ்கூலு மேல ஒரு பாசம். எதுக்க கடை வச்சிருக்கிய. பிள்ளைய குறைஞ்சா யாவாரம் போயிரும்லா," என்று சிரித்தான். "நீங்க காப்பியப் போடுங்க."

ரேச்சல் டி.சி.யைக் கண்ணாடியில் வைத்தார். மூடியை இறக்கினார். பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு, அழுத்தாமல், வாசல் வழியாக என்னைப் பார்த்தார்.

எனக்கு விளங்கியது. நான் இறங்கி வந்து கடை வாசலில் நின்றேன். ஜெயகணேஷ் "வாங்க அண்ணாச்சி" என்றான். பெஞ்சில் ஐந்தாறு பிள்ளைகள். கம்ப்யூட்டருக்கு முன்னால் என் மகள், முதுகைக் காட்டிக்கொண்டு தட்டிக்கொண்டிருந்தாள். அவள் காதுபட நான் சொல்ல வேண்டும். அவளுக்குக் கிடைக்காமல் போனது, என்னால் போனது. ரேச்சலுக்கு ஏன் அன்றைக்கு நாக்கு எழும்பவில்லை என்று அந்த இடத்தில் நின்றபோது எனக்குத் தெரிந்தது. வேட்டியை மடித்துக் கட்டினேன். அவிழ்த்தேன். திரும்பி வண்டிக்கே போய்விடலாம் என்று ஒரு கால் எடுத்தும் வைத்தேன்.

தட்டுகிற சத்தம் நின்றது. அவள் திரும்பவில்லை. திரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"சொல்லுங்கப்பா."

சொன்னேன். நானூற்று அறுபத்தொன்றில் ஆரம்பித்து, வாத்தியார் இல்லை என்று நான் சொன்ன சாக்கு, ரேச்சலைக் கேட்ட கேள்வி, பதினொரு மார்க், பிச்சையா கையில் இருந்த தாள், எல்லாம்.

ஜெயகணேஷ் சிரிப்பை விட்டுவிட்டான். என்னைப் பார்த்தான். பிறகு என் மகள் பக்கம் திரும்பினான்.

"நெசமாம்மா?"

அவள் நாற்காலியோடு திரும்பினாள். "ஆமா மாமா. ஆபீசு ஒரு மணி வரைக்கும் இருக்கும். இப்பம் போனா சேத்துக்கிடுவாவ."

அவன் மெஷின் பக்கம் போனான். ரேச்சல் விரலை எடுத்துக்கொண்டார். அவனே மூடியைத் தூக்கி, கண்ணாடி மேல் கிடந்த டி.சி.யை எடுத்து, ரோட்டைத் தாண்டிப் பள்ளிக்கூடத்துக்குள் போனான்.

என் மகள் மறுபடியும் தட்ட ஆரம்பித்தாள். ரேச்சல் பெஞ்சின் ஓரத்தில் இருந்த பிள்ளையைப் பார்த்து, "அடுத்து யாரு? ஆறாங் கிளாசுலருந்து எங்கன படிச்ச?" என்று கேட்டார்.